மறுபடியும் ஷாகுலுக்கே

யாரைச் சொல்வதென்று தெரியாமல் ஹெப்சிபா தவித்துக்கொண்டிருந்தாள் என்றால் அது பொய். முதல் செட் முடியும்போதே தெரிந்துவிட்டது. ரெஜின். அதுதான் தொல்லை. தெரிந்த பிறகு நிம்மதியாக உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதுதானே. மனசு என்னவோ பல்லிடுக்கில் மாட்டிய நாரைத் துழாவும் நாக்கு மாதிரி ஒரே இடத்தைத் துழாவிக்கொண்டிருந்தது. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். உள்ளே போன் இருந்தது, போனுக்குள் நாச்சியப்பன் சார் அனுப்பிய செய்தி இருந்தது. ‘பேரு?’ அவ்வளவுதான். மனுஷன் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் காரைக்குடி போயிருக்கிறார், பந்தியில் நின்றுகொண்டே அனுப்பியிருப்பார், ஒரு ‘மேடம்’கூடக் கிடையாது. அவர் பொருநை ஸ்மாஷர்ஸ் வாலிபால் அணியின் பயிற்சியாளர். அவள் அந்த அணிக்காக ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் பையன்களைப் பார்த்து வந்து சொல்கிறவள். நாளைக் காலையில் லீக்கின் எல்லா அணிகளும் ஒரு ஓட்டல் ஹாலில் கூடி, கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுக்கப் போகிறார்கள். போன வருஷம் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறை. அந்தப் பெருமை பொருநைக்கு. முதலாளிக்கு ஒரு செட்டர் வேண்டும். நல்ல செட்டர் வந்தால் அணி எழுந்து நிற்கும், வராவிட்டால் இன்னொரு வருஷம் கடைசி இடம். இந்த வருஷம் தேறுகிறவர்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் இப்போது அவள் கண்ணெதிரே, வலைக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக, பல்கலைக்கழக இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். தப்பான பெயரைச் சொன்னால் அடுத்த வருஷம் இந்த நாற்காலி இல்லை. ஆம்பளைப் பிள்ளைகள் ஆட்டத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று வாயைத் திறந்து சொல்லாமல், பல்லைக் காட்டி வணக்கம் சொல்கிற எல்லோரும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, ரெஜின் என்று அடித்து அனுப்பிவிட்டால் ஆயிற்று, அனுப்பேன், ஏன் அனுப்பவில்லை.

அவள் அனுப்பவில்லை. நான்காவது செட் ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே கல்லூரிப் பிள்ளைகள் டிரம்ஸை வைத்துக்கொண்டு ஸ்டேடியத்தை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள், வியர்வையும் ஃபினாயிலும் முட்டை பப்ஸும் கலந்த வாடை, மேலே கம்பியில் ஒரு புறா எந்த அணியும் பிடிக்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மஞ்சள் பனியன் ரெஜினின் அணி, இரண்டு செட் ஜெயித்திருக்கிறது. நீலம் பூவரசனின் அணி, ஒன்று. செட்டர் என்பவன் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி. பந்து எங்கிருந்து வந்தாலும் இரண்டாவது கை அவனுடையது, அதை எந்த அடிக்கிறவன் இலையில் போடுவது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் கண் மூடித் திறப்பதற்குள். அடித்தவனுக்குக் கைதட்டல், போட்டுக்கொடுத்தவனை யாரும் பார்ப்பதில்லை. ஹெப்சிபா இருபது வருஷம் செட்டராக ஆடியவள், ரயில்வேக்கு, மாநிலத்துக்கு, அவளுக்கு அது தெரியும். வலது மோதிர விரல் இன்றைக்கும் கோணல், மழை வந்தால் அதற்கு முதலில் தெரியும். கையைப் பொறுத்தவரை இந்த இரண்டு பையன்களுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இடம் இல்லை. உயரம் ஒன்று, வேகம் ஒன்று, பந்தை விடுகிற சுத்தம் ஒன்று. அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது. குணத்தை வைத்துத்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த கோதண்டமும் அதையேதான் சொன்னார். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், வேறொரு அணிக்கு ஆள் பார்க்க வந்திருக்கிறார், ஆனால் வாயில் ரகசியம் தங்காது. “இதுல யோசிக்கறதுக்கு என்ன மேடம் இருக்கு? அந்த மஞ்சப் பையனைப் பாருங்க. அடிக்கிறவன் வெளிய அடிச்சாலும் கையைத் தூக்கறான். குணம் மேடம், குணம். முதல் முறை உங்களுது, கொத்திக்கினு போயிடுவீங்க, எங்களுக்குத்தான் மிச்சம்.”

வாஸ்தவம்தான். இப்போதுகூட மஞ்சளின் எட்டாம் நம்பர் இடது ஓரத்திலிருந்து பாய்ந்து வந்து, பந்தை நேரே வலையில் கொண்டுபோய் அடித்தான். ரெஜின் போட்ட பந்தில் என்ன குறை, பழம் உரித்து வாயில் வைத்த மாதிரி இருந்தது. ஆனால் ரெஜின் உடனே வலது கையை உயரத் தூக்கி, நெஞ்சில் தட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எனக்க தப்பு மக்கா, எனக்க தப்பு, விடு” என்றான். கன்னியாகுமரிப் பேச்சு. கூட்டம் கைதட்டியது. செட்டர்களுக்கு இது ஒரு வழக்கம், எழுதாத சட்டம். அடிக்கிறவன் சொதப்பினால் செட்டர் கையைத் தூக்கிப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வான், அடிக்கிறவன் மனசு உடையக்கூடாது என்பதற்காக. அவளுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் இதமாக இருந்தது. வயிறு என்றதும் அந்த இன்னொரு உபத்திரவம். இரண்டாவது செட்டிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும். பெண்கள் கழிப்பறை பூட்டியிருக்கிறது, சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீ குடிக்கப் போனவர் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார் போல. கால் மேல் கால் போட்டாள், மாற்றிப் போட்டாள். அந்தப் பக்கம் நீலப் பனியனில் பூவரசன் கத்திக்கொண்டிருந்தான். “ஏன்டா, கண்ணைத் தொறந்து அடிடா ஷாகுல். நான் பால் எங்க வைக்கிறேன், நீ எங்க போய்க் குதிக்கிற?” ஷாகுல் என்ற அந்த ஒல்லிப் பையன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளங்கையைத் தொடையில் துடைத்தான். அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பந்து வலையை விட்டு ஒரு முழம் தள்ளித்தான் போனது, தப்பு பூவரசனுடையது, ஆனாலும் கை மேலே போகவில்லை பாருங்கள். போகாது. இந்த ஜென்மத்தில் போகாது. ஆபீசில் அவளுக்கு இப்படி ஒரு சூப்பிரண்டு இருந்தார், மழை பெய்தாலும் கீழே இருக்கிறவன்தான் காரணம். இவனைக் கொண்டுபோய் பொருநையில் விட்டால் இரண்டே வாரத்தில் அணியில் பாதிப் பேர் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ரெஜின்தான். போனை எடுத்தாள். ‘ரெ’ என்று அடித்தாள்.

விரல் அங்கே நின்றது. ஏன் நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. கண் எட்டாம் நம்பரின் காலில் இருந்தது. இடது ஓரத்தில் அடிக்கிறவன் மூன்று எட்டு எடுத்து வைத்து ஓடி வந்து குதிப்பான், பந்து தனக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதே மாதிரி ஓடி வந்து குதிக்க வேண்டும், எதிரணியை ஏமாற்ற. எட்டாம் நம்பர் ஒரே எட்டு வைத்து நின்றுவிட்டான். பந்து வலது பக்கம் போனது, வேறொருவன் அடித்தான், பாயிண்ட், டிரம்ஸ். அடுத்த பந்து நடுவில். அடுத்ததும் வலது. எட்டாம் நம்பர் இப்போது அந்த ஒரு எட்டும் வைக்கவில்லை, கொக்கு மாதிரி நின்று பார்த்தான். இவனுக்குக் கடைசியாக எப்போது பந்து வந்தது. வலையில் அடித்தானே, அப்போது. அதற்கப்புறம். அவள் பின்னோக்கிப் போய்த் தேடினாள். அதற்கப்புறம் இல்லை. சரி, இரண்டாவது செட்டில் ரெஜினின் அணியில் நடுவில் அடிக்கும் நெட்டையன் ஒருவன் வெளியே அடித்தான், கை தூக்கினான் ரெஜின், எனக்க தப்பு என்றான், அவள்கூடக் கைதட்டினாள். அப்புறம் அந்த நெட்டையனுக்கு. ஒன்று போட்டான், இல்லை, அது வேறு வழியில்லாமல் போட்டது, மற்ற இரண்டு பேரும் கீழே விழுந்து கிடந்தார்கள். அதைத் தவிர இல்லை. அந்த செட் முழுக்க இல்லை. சே, என்ன இது, உட்கார்ந்த இடத்தில் கோணல் புத்தி. அடிக்காதவனுக்கு எதற்குப் பந்து, எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் கை சூடாக இருக்கிறவனுக்குக் கொடு என்றுதான் சொல்வார், அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒன்றுக்கு வருகிறது, அதனால்தான் நல்லதெல்லாம் கெட்டதாகத் தெரிகிறது. மஞ்சளின் பயிற்சியாளர் எட்டாம் நம்பரை வெளியே கூப்பிட்டார், வேறொரு பையன் உள்ளே போனான். போகிற எட்டாம் நம்பரை ரெஜின் ஓடிப்போய் முதுகில் தட்டிக்கொடுத்தான், தலையைக் கோதினான். பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூட்டம் ரெஜினுக்கு மறுபடி கைதட்டியது.

அவளுடைய மாமியார் ஞாபகம் எங்கிருந்து வந்தது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ், நாசரேத்தில், வீடு நிறைய ஆட்கள், சபைப் போதகரான அய்யர்வாளின் குடும்பம்கூட வந்திருந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு அவள் வைத்தது. கேம்ப்பிலும் ஹாஸ்டலிலும் வளர்ந்தவளுக்குக் குழம்பு எங்கே தெரியும், உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். முதல் வாய் வைத்த பெரிய மாமாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. அப்போது மாமியார் பாய்ந்து வந்து, “ஐயையோ, எல்லாம் என் தப்புல்லா. அவ போட்டுட்டுப் போனா, நாந்தான் தெரியாம இன்னொரு கை அள்ளிப் போட்டுட்டேன். எம் மருமவ மேல ஒரு குத்தமும் இல்ல” என்றாள். சபையே உருகிவிட்டது. இப்படி ஒரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அய்யர்வாள் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஹெப்சிபா அன்றைக்கு ராத்திரி படுக்கையில் அழுதாள், சந்தோஷத்தில். அப்புறம் ஈஸ்டர் வந்தது, சபையின் அசன விருந்து வந்தது, கொழுந்தனின் கல்யாணம் வந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார் கண் மூடும் வரைக்கும் விருந்தாளி வந்த வீட்டில் அவள் கரண்டியைத் தொட்டதில்லை. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. “நீ இரிட்டீ, களைச்சிப் போயி வந்திருக்க” என்பார்கள். அவள் இருந்தாள். வெங்காயம் உரித்தாள், இலை துடைத்தாள். அவளுக்கு இன்றைக்குவரை குழம்பு வைக்க வராது. அதே வருஷங்களில் சின்னக் கொழுந்தனுக்குப் பிற்பாடு பெண்டாட்டியாக வந்தவளை, அடுத்த தெருவில் அந்தப் பெண்ணின் அம்மா வீட்டில் என்ன திட்டுத் திட்டுவார்கள், உலையை வைக்கத் தெரியுமா, ரசம் வைக்கத் தெரியுமா என்று தெருவுக்கே கேட்கும், திட்டிவிட்டு மறுநாளும் அவளையே அடுப்புக்கு அனுப்புவார்கள். அவள் கைப்பக்குவத்துக்கு இன்றைக்குக் குடும்பமே அடிமை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கிழவியை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளே. நல்லவள்தான். இருக்கட்டும். செத்தவர்களைப் பற்றி என்ன பேச்சு.

விசில். நான்காவது செட் நீலத்துக்கு. எப்போது முடிந்தது, அவள் பார்க்கவே இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு குழம்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோதண்டம், “அஞ்சாவது செட்டு, பதினஞ்சு பாயிண்டு, சட்டுனு முடிஞ்சுரும்” என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். ஒன்றை எடுத்து வாயில் போடாமல் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே தெரியும், நாச்சியப்பன் சார். நல்ல மனுஷன். எல்லோரும் சொல்வது, அவளும் சொல்வது. போன வருஷம் அவள் சொல்லி எடுத்த ஜோதிபாசு என்ற பையன் நாலாவது ஆட்டத்தில் முழங்காலைத் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அணி சரிந்தது, முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு வைத்து யார் இவனைக் கொண்டுவந்தது என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நாச்சியப்பன் சார் எழுந்தார். “என் தப்புங்க சார். மேடம் சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் அவனை ரொம்ப ஆட வச்சுட்டேன்.” கையைக்கூடத் தூக்கினார், சத்தியமாக, பழைய செட்டர் இல்லையா அவரும். அன்றைக்கும் அவள் உருகினாள். வீட்டுக்குப் போய் அவருக்காக ஜெபம் பண்ணினாள். அதற்கப்புறம். அதற்கப்புறம் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தாள், யோசனை நிற்கவில்லை. அதற்கப்புறம் ஒரு கூட்டத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை. கேட்டால், உங்களுக்கு எதுக்கு மேடம் அலைச்சல் என்பார். மாதத்துக்கு ஒரு தடவை வணக்கம் வைத்துச் செய்தி அனுப்புவார், பொங்கலுக்குக் கரும்பு அனுப்பினார், ஒரு பையனைப் பற்றி, ஒரே ஒரு பையனைப் பற்றி, நீங்க என்ன நினைக்கிறீங்க என்று கேட்கவில்லை. இந்த இறுதிப் போட்டிக்கும் அவர் வருவதாகத்தான் இருந்தது. கல்யாணம் குறுக்கே வந்ததால் அவள். அவள் ஒரு வருஷமாக எட்டாம் நம்பராக நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கே அது தெரியவில்லை. நன்றி வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

இல்லை, இல்லை, இது நியாயம் இல்லை. ஹெப்சிபா தன்னைத்தானே அதட்டினாள். உன் வயிற்றெரிச்சலைக் கொண்டுபோய் இருபது வயசுப் பையன் தலையில் கட்டாதே. அவன் கை தூக்குவது மனசார இருக்கலாம், பந்து கொடுக்காதது கணக்காக இருக்கலாம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அதோடு அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான், அதை என்ன செய்வாய். ஐந்தாவது செட்டில் மஞ்சள் முன்னால். உள்ளே வந்த புதுப் பையனுக்கு மூன்று பந்து கொடுத்தான் ரெஜின், மூன்றும் பாயிண்ட், நான்காவதில் அவன் தடுமாறினான், கை மேலே போனது, எனக்க தப்பு மக்கா. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கொடு. அவனுக்கே கொடு, என் கண்ணுல்ல, கொடுத்துவிடு, நான் உன் பேரை அடித்துவிட்டு நிம்மதியாகப் போகிறேன். பந்து வந்தது, ரெஜின் புதுப் பையனைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பின்பக்கமாக வலது ஓரத்துக்குப் போட்டான். அழகான பந்து. பாயிண்ட். கோதண்டம் தொடையில் தட்டினார். அடுத்ததும் வலது. அதற்கடுத்தது நடுவில். லீக் என்பது ஒரு நாள் கூத்து இல்லை, மூன்று மாதம் ஓடுகிறது, இவன் இப்படி ஒருவனை முதுகில் தட்டி வழியனுப்பி, அடுத்தவனை முதுகில் தட்டி வழியனுப்பி, கடைசியில் வலைக்கு முன்னால் யார் மிச்சம் இருப்பார்கள். யாரும் இவனைக் குறை சொல்லவும் முடியாது. எல்லோர் முன்னாலும் பழியை ஏற்றுக்கொண்டவனை என்ன சொல்ல. இந்தப் பக்கம் ஷாகுல் வெளியே அடித்தான். “எருமை, எருமை” என்று பூவரசன் கத்தினான், நடுவர் உயர நாற்காலியிலிருந்து குனிந்து அவனை எச்சரித்தார். அடுத்த பந்து வந்தது. நீலத்தில் சூடாக அடித்துக்கொண்டிருந்தவன் வேறொருவன், கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். பூவரசன் ஷாகுலுக்குப் போட்டான். அடித்தான், பாயிண்ட். பூவரசன் சிரிக்கக்கூட இல்லை, “இதத்தான முன்னாடியே செய்யச் சொன்னேன்” என்று முறைத்தான். முன்னாலும் இப்படித்தானா. மூன்றாவது செட்டில், முதல் செட்டில். ஆமாம். ஷாகுல் சொதப்பிய ஒவ்வொரு தடவையும் அடுத்த பந்து மறுபடியும் ஷாகுலுக்கே. அவள் கத்தலைக் கேட்டுக்கொண்டிருந்ததில் பந்தைப் பார்க்கவில்லை. இருபது வருஷம் செட்டர். பந்தைப் பார்க்கவில்லை.

பதினான்கு, பதிமூன்று. மஞ்சளுக்கு ஒரு பாயிண்ட் போதும். அந்தப் பதினான்காவது பாயிண்ட்டும் ஷாகுல் அடித்ததைத் தடுத்துத்தான் அவர்களுக்கு வந்தது, இரண்டு நெட்டையன்கள் வலைக்கு மேலே கையை நீட்டி அவன் காலடியிலேயே பந்தை இறக்கினார்கள். ஷாகுலின் முகம் வெளுத்திருந்தது. டிரம்ஸ் நின்றுவிட்டது, அல்லது அவள் காது அடைத்துவிட்டது. மஞ்சள் சர்வீஸ் போட்டது, நீலத்தின் கடைசி வரிசைப் பையன் அருமையாக எடுத்துக் கொடுத்தான், பந்து பூவரசனின் தலைக்கு மேலே சாவகாசமாக இறங்கியது. மூன்று பேர் ஓடி வருகிறார்கள். நடுவில் தடுக்க எதிரணி ஆளே இல்லை, குழந்தைகூட அடித்துவிடும். கர்த்தரே, நடுவில் போடு. அவள் எழுந்து நின்றிருந்தாள், எப்போது எழுந்தாள். நடுவில் போட்டால் பதினான்கு பதினான்கு. நடுவில் போட்டு ஜெயித்துத் தொலை, நாச்சியப்பன் சாரிடம் சொல்ல எனக்கு வாய் வேண்டாமா. ஷாகுல் இடது ஓரத்தில் மூன்று எட்டும் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். அடி வாங்கின பையன், எருமை என்று திட்டு வாங்கின பையன், இப்போதுதான் காலடியில் பந்தை வாங்கிக்கொண்ட பையன், தனக்குத்தான் வரும் என்று மூன்று எட்டும் முழுசாக வைத்து ஓடி வந்தான். பந்து அவனுக்கே போனது. எழும்பினான், அடித்தான், பந்து கோட்டைத் தாண்டி விழுந்து குதித்துக் குதித்துச் சுவர் வரைக்கும் போனது.

மஞ்சள் பனியன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ரெஜினைத் தூக்கினார்கள். “முடிஞ்சு போச்சு மேடம்” என்றார் கோதண்டம், “அந்த நீலப் பையன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கினான். நடுவுல ஆளே இல்ல, புத்தி எங்க போச்சு? யாரு எடுப்பாங்க இனிமே அவனை?” அவள் படியிறங்கினாள். கைகுலுக்கல் முடிந்து நீல அணி கலைந்துகொண்டிருந்தது. ஷாகுல் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூவரசன் அவன் முன்னால் போய் நின்றான், தோளில் கை வைக்கவில்லை, பக்கத்தில் உட்காரவில்லை. “கடைசில மணிக்கட்டை ஏன்டா திருப்புன? நேரா அடிச்சிருந்தா போயிருக்கும். காலைல கிரவுண்டுக்கு வா, நூறு பால் போடுறேன்” என்றான். இரண்டு பேருக்கும் கடைசி வருஷம், இனிமேல் அந்தக் கல்லூரிக்காக அவர்களுக்கு ஆட்டம் எதுவும் கிடையாது. ஷாகுல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டான். ஹெப்சிபா அவர்களைத் தாண்டிப்போய்ச் சுவரோரமாக நின்று போனை எடுத்தாள். ‘ரெ’ இன்னும் அப்படியே இருந்தது. அழித்தாள். எழுதினால் போதாது என்று தோன்றியது, கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.

“சொல்லுங்க மேடம். ரிசல்ட் குரூப்புல வந்துருச்சு, பாத்தேன். ரெஜின்தானே?”

“இல்ல சார். பூவரசன்.”

தவில் சத்தத்துக்கு மேலே அவர் குரல் உயர்ந்தது.

“தோத்த டீம் செட்டரா?”

“ஆமா சார்.”

“கடைசிப் பால்ல நடுவுல ஆளே இல்லையாமே. ஏற்கெனவே சொதப்புன பையனுக்குக் கொண்டுபோய்ப் போட்டானாம். அதனாலதான தோத்தாங்க?”

“அதனாலதான் சார் தோத்தாங்க. அதனாலதான் அவனைச் சொல்றேன். நம்ம டீம்ல அடிக்கிற பசங்க பாதிப் பேரு போன வருஷம் சொதப்புனவங்க. அவங்களுக்கு மறுபடி பால் கொடுக்கிற ஆள் வேணும்.”

யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், வர்றேன் வர்றேன் என்றார். பிறகு அந்த நல்ல குரல் வந்தது, எல்லோரும் மெச்சுகிற குரல்.

“சரிங்க மேடம். நேர்ல பாத்தது நீங்க. அவனையே எடுப்போம். முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நாளைக்குச் சரியா வரலைன்னாலும் என் தப்புன்னு நானே சொல்லிடறேன். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

வழக்கம்போல நாக்கு நுனியில் ‘தேங்க்ஸ் சார்’ வந்துவிட்டது. அவள் அதை விழுங்கினாள். பயமாக இருந்தது, இந்த வயசில், ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு பயம்.

“வேண்டாம் சார். அப்படிச் சொல்லாதீங்க. ஹெப்சிபா சொன்னா, தப்பாப் போச்சுன்னு என் பேரையே சொல்லுங்க. திட்டணும்னா எல்லார் முன்னாடியும் திட்டுங்க, நான் வாங்கிக்கிறேன். ஆனா அடுத்த வருஷமும் என்னைக் கேளுங்க சார்.”

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அவள் போனை வைக்காமல் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.